புதுப் பெட்டியும் அறுபத்திரண்டாம் எண் லிப்டும்

நகரசபை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறவள் அவள். குடிநீர் என்றைக்கு வராது, எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், எந்த நாய்க்கு உரிமம் இல்லை என்பதெல்லாம் ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மா. வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'மேலகீழ' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பொழுதெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வருகிற மனிதருக்கு வேறென்ன பெயர் வைப்பது.

மேலகீழ அதிகம் பேசமாட்டார். அத்தான் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவள் தம்பி கேலி செய்வான். கேட்டதற்கு ஒரு சொல், கேட்காததற்கு அதுவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து, சட்டை மாற்றி, கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார் என்றால் ஆளே வேறு. அந்த வாரம் பார்த்த லிப்டுகளைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்வார். அவள் தட்டிக்கொண்டே போவாள்.

இந்தப் பழக்கம் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக் குறித்துக்கொள்வார். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அவருக்கு மட்டும்தான் புரியும். ஒருநாள் அந்த நோட்டு லிப்ட் குழிக்குள் விழுந்து, எண்ணெயில் ஊறி, ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவள்தான் சொன்னாள், "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்." அன்றிலிருந்து கட்டடத்துக்கு ஒரு ஃபைல். இப்போது நூற்று நாற்பது ஃபைலுக்கு மேல் இருக்கும். எந்த லிப்டின் கதவு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், எது மூன்றாம் மாடியில் பெருமூச்சு விடும், எதில் முன்னால் வேலை பார்த்தவர் எந்த ஒயரை மாற்றிக் கொடுத்தார், எல்லாம் அதில் உண்டு.

அவள் ஒரு தட்டச்சுக்காரி. சொன்னதைச் சொன்னபடி அடிப்பதுதான் அவள் படித்த பாடம். அதனால் லிப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் "இன்னைக்கு மழை பலமா இருக்கு" என்று சொன்னால் அதுவும் ஃபைலுக்குள் போய்விடும். "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்றால் அதுவும் போய்விடும். அவர் அதைக் கண்டுகொண்டதில்லை. அவளும் அழித்ததில்லை. சொல்லப்போனால், அவர்கள் குடும்பத்துக் கதை முழுவதும் ஊர் லிப்டுகளுக்கு இடையில்தான் எழுதப்பட்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர் ஒரு திங்கட்கிழமை கண்ணை மூடிவிட்டது. கடையில் திறந்து பார்த்து, மதர்போர்டு போய்விட்டது, டிஸ்க் மட்டும் பிழைத்திருக்கிறது என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் அந்தக் கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். கடையை நடத்துகிற பெண், "உள்ள எந்த சிஸ்டம் போட்டுத் தரட்டும்?" என்று கேட்டபோதுதான் இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. கோட்டு தைக்கிறவர் உள்துணி என்ன வைக்கட்டும் என்று கேட்பாரே, அந்த மாதிரி. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வெறும் பெட்டியாகவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் கேட்டது தப்பாய்ப் போயிற்று. மகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உலகம் முழுக்க விண்டோஸ் வைத்திருக்கும்போது நாம் மட்டும் ஏன் தனி வழி போக வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் பக்கத்து வீட்டில் கேட்கலாம், நானே பார்த்துக் கொடுப்பேன் என்றாள். தம்பி ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்கு லினக்ஸ் என்றால் உயிர். ஓசியில் கிடைக்கிறது, வைரஸ் தொல்லை குறைவு, பிடிக்கவில்லையென்றால் பிரித்துப் போட்டு வேறு மாதிரி மாட்டிக்கொள்ளலாம் என்றான். நான் என்ன மிக்ஸியா வாங்கப் போகிறேன், பிரித்து மாட்டிக்கொண்டிருக்க, என்றாள் மகள். மாமாவும் மருமகளும் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த மேலகீழ சோற்றைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அபிப்பிராயம் கேட்டதற்கு, "அடிக்கிறது அவ. அவ சொல்றதுதான்" என்று முடித்துக்கொண்டார்.

ஆக, தீர்ப்பு அவள் தலையில் விழுந்தது. அவளுக்கு இரண்டைப் பற்றியும் ஒரு கவலையும் இல்லை. அவள் கவலையெல்லாம் அந்த நூற்று நாற்பது ஃபைல் பற்றித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி ஒரு பென் டிரைவோடு வந்தான். பெட்டியில் எதையும் பதிக்காமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டினான். கடையிலிருந்து வந்த பழைய டிஸ்க்கை ஒரு சின்ன பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, ஒயரால் பெட்டியோடு இணைத்தான். நாலு நாள் இப்படியே வைத்துப் புழங்கிப் பார் அக்கா, பிடித்தால் பதிக்கலாம், பிடிக்காவிட்டால் உன் மகள் கட்சிக்குப் போய்விடலாம் என்றான். மறுநாள் விடியற்காலையில் மாணவர்களை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் சுற்றுலா கிளம்பிவிட்டான். ஞாயிறுதான் திரும்புவான். அங்கே போனுக்கு சிக்னலும் கிடையாது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து அவள் முதல் ஃபைலைத் திறந்தாள். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. இங்கிலீஷ் எழுத்தும், அரைப்புள்ளியும், கால்புள்ளியுமாக ஏதோ சிதறிக் கிடந்தது. எலி புகுந்த மாவுப் பாத்திரம்போல. அடுத்த ஃபைலைத் திறந்தாள், அதுவும் அப்படி. பத்தாவது, இருபதாவது, எல்லாமே அப்படி. தம்பிக்கு நாலு முறை போன் போட்டாள், கிணற்றில் போட்ட கல்.

அவள் அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. நோட்டு எண்ணெயில் விழுந்த அன்று அவர் உட்கார்ந்திருந்த விதம் அவளுக்கு நினைவிருந்தது. அப்போது போனது ஒரு நோட்டு. இது பத்தொன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமை தம்பி வரட்டும், அவன் கைவிரித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்துவிட்டாள். "புது மெஷின் எப்படி?" என்று அவர் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பொய் சொன்ன வாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை, அவருக்கு இல்லை. காலை பதினொரு மணி இருக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்தான். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லையே என்று ஈரக்கையோடு எடுத்தாள்.

ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஒரு பெரியவரும் அவர் மனைவியும். பெரியவர் முழங்கால் அறுவை முடிந்து அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மின்விசிறியும் நின்றுபோயிற்று. மேலகீழவோடு வேலைக்கு வந்த உதவியாள் ஐந்தாம் மாடிக் கதவோரம் நின்று அவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மேலகீழ மொட்டைமாடியில், மோட்டார் அறையில் இருக்கிறார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி லிப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். லிப்ட் மட்டத்துக்கு வந்ததா என்பது கயிற்றில் பூசியிருக்கும் வர்ணக்குறியைப் பார்த்துத்தான் தெரியும்.

"கயித்துல ரெண்டு குறி இருக்கு" என்றார். "மஞ்சள் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. ஒண்ணு தப்பு. எதுன்னு ஞாபகம் வரலை. இது நம்ம கிட்ட இருந்த கட்டடம்தான், நடுவுல ஒம்பது வருஷம் வேற கம்பெனி பார்த்துட்டுப் போன மாசம் திரும்பி வந்திருக்கு. கயிறு நான் போட்ட கயிறுதான், என் பேர் போட்ட டேக் தொங்குது. அறுபத்திரண்டாம் நம்பர் ஃபைலத் திறந்து பாரு."

தப்பான குறியில் நிறுத்திக் கதவைத் திறந்தால் லிப்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் படி விழும். நடக்கிறவர்கள் தாண்டிவிடலாம். அறுவை செய்த காலோடு நாற்காலியில் இருப்பவரை உருட்ட முடியாது. ஊகத்தில் வேலை செய்கிற மனிதரல்ல அவர். அது அவளுக்குத் தெரியும். ஃபைல் செத்துப்போய்விட்டது என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

"இருங்க" என்று மட்டும் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்து, அறுபத்திரண்டைத் திறந்தாள். அதே எலிக் கூத்துதான். முதல் வரி ypg;l; என்று தொடங்கியது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் கை பழக்கதோஷத்தில் விசைப்பலகை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. திரையில் பார்த்த எழுத்துகளை விரல் தானாகத் தொட்டது. y-க்கு வலது ஆள்காட்டி விரல். p-க்கு சுண்டுவிரல். அந்த அரைப்புள்ளிக்கு மறுபடியும் சுண்டுவிரல். அந்தச் சுண்டுவிரல் போன இடத்தில்தான் அவள் மூச்சு நின்றது. சொல்லுக்குச் சொல் அங்கே போய் வருகிற விரல் அது. அந்த விசையில் இருபத்தாறு வருடமாக அவள் வைத்துக்கொண்டிருந்தது அரைப்புள்ளி அல்ல, மெய்யெழுத்தின் புள்ளி.

பதினெட்டு வயதில் தட்டச்சு வகுப்பில், விசைப்பலகையைத் துணியால் மூடிவிட்டு, ய-ள-ன-க, ய-ள-ன-க என்று அடிக்க வைப்பார்கள். எந்த விசையில் என்ன எழுத்து என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். கைக்குத் தெரிந்தது இன்னும் மறக்கவில்லை. திரையில் கிடந்தது குப்பையல்ல, பத்து வருடத்துக்கு முன்னால் அவள் விரல்கள் அழுத்திய விசைகள். வரிசை மாறாமல், ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன.

y, ல. p, இகரக் கொக்கி. லி. g-யும் புள்ளியும், ப். l-லும் புள்ளியும், ட்.

"லிப்ட்" என்றாள் சத்தமாக.

"என்ன?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. படிக்கிறேன், கேளுங்க."

முதல் பாடம் படிக்கிற பிள்ளைபோல எழுத்துக் கூட்டி அவள் படிக்கத் தொடங்கினாள். கண் திரையில், விரல் விசையில், வாய் போனில். கட்டட எண், மாடி எண்ணிக்கை, மோட்டார் அளவு. வேகமாகத் தாவித் தாவித் தேடினாள். ஏழாவது வரியில் kQ;rs; என்று ஒன்று தட்டுப்பட்டது. விரலை வைத்தாள். ம. ஞ். ச. ள்.

"மஞ்சள்" என்றாள். "மஞ்சள் குறியைப்... பார்க்காதே. கயிறு நீண்டுபோனதால்... லிப்ட் பக்க நுனியை ஒரு சாண் வெட்டினோம். பழைய மஞ்சள்... தள்ளிப்போயிற்று." அடுத்த சொல் nts;is. அதற்குள் விரலுக்குத் தைரியம் வந்துவிட்டது. "வெள்ளை. வெள்ளைக் குறிதான் தளம். வெள்ளை நான் பூசியது."



"வெள்ளை" என்றார்.

"வெள்ளைதாங்க. ரெண்டு தரம் பார்த்துட்டேன்."

"சரி. ஏன் இப்படி எழுத்துக்கூட்டிப் படிக்கிற?"

"கண்ணாடி போடல" என்றாள். அவர் வைத்துவிட்டார்.

அடுத்த இருபத்தைந்து நிமிடம் அவளுக்கு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. ஈரத்துணி வாளியில் கிடந்தது. படித்தது சரிதானா என்று ஏழாவது வரியைத் திரும்பத் திரும்ப விரலால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வெள்ளை என்றே வந்தது. அதற்குப் பிறகும் சும்மா இருக்க முடியாமல் ஃபைலை மேலே படித்துக்கொண்டு போனாள். எண்ணெய் விவரம், கதவுச் சக்கரத் தேய்மானம் எல்லாம் தாண்டி, கடைசியில் ஒரு வரி: 'பாப்பா இன்று யாரும் பிடிக்காமல் சைக்கிள் ஓட்டினாள், முழங்காலில் சிராய்ப்பு, அழவில்லை.' அந்த வரியை முடித்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மகள் அழாததற்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன் அடித்தது. இருவரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றார். நாற்காலி தரைக்குத் தரை சரியாக இருந்தது, ஒரு விரல்கூட இடறவில்லை. பெரியவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நானாவது நாற்காலியோடு வந்தேன், பாவம் இவள் முக்கால் மணி நேரம் நின்றாள், இனிமேல் லிப்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள் என்றாராம். வழக்கமாக இரண்டு சொல்லில் முடிக்கிறவர் இத்தனையும் சொன்னார். அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு போய் மிச்சத் துணியைக் காயப்போட்டாள். காற்றும் அப்போதுதான் அடிக்க ஆரம்பித்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

சாயங்காலம் அவர் வந்து கை கழுவியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை கண்டதும், மறைத்ததும், விரலால் படித்ததும். அவர் மேஜைக்கு முன் உட்கார்ந்து அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார். ஒரு எழுத்தும் அவருக்குப் புரியவில்லை.

"இது என் கையெழுத்தைவிட மோசமா இருக்கு" என்றார்.

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லைதான். ஆனாலும் ஒரு நாள் முழுக்க நெஞ்சில் வைத்திருந்த பாரத்தை அப்போதுதான் முழுதாக இறக்கி வைத்தாள். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி மலையிலிருந்து சளியோடு திரும்பினான். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான். அந்தக் காலத்து எழுத்துரு எல்லாம் அப்படித்தான் என்று விளக்கினான். உள்ளே இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும், மேலே தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டிருப்பார்கள். புதுப் பெட்டியில் அந்தச் சட்டை இல்லை, அவ்வளவுதான். எந்த சிஸ்டத்தில் திறந்திருந்தாலும் சட்டை இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும், நான்தான் வியாழக்கிழமையே பார்த்திருக்க வேண்டும் என்றான். பழைய டிஸ்க்கைத் துழாவி எழுத்துருவை எடுத்து மாட்டினான். ஒரு நொடியில் திரை முழுக்கத் தமிழ் மலர்ந்தது. அதோடு விடாமல், இன்னொரு முறை இந்தத் தொல்லை வரக் கூடாது என்று நூற்று நாற்பது ஃபைலையும் இப்போதைய முறை எழுத்துக்கு மாற்றிக் கொடுத்தான். பழையதையும் தனியாகப் பத்திரப்படுத்தினான். அவள் சும்மா விடவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பதினைந்து ஃபைலைத் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தாள். ஒரு புள்ளி விட்டுப்போகவில்லை.

சைக்கிள் வரியை மகளுக்குக் காட்டினாள். மகள் படித்தாள், முழங்காலைத் தடவிக்கொண்டாள். "அழுதேன்" என்றாள். "அப்பா பார்க்கலை."

மிச்சம் இருந்தது தீர்ப்பு. தம்பி விசைப்பலகைப் பட்டியலைத் திறந்து காட்டினான். ஒலிப்படி அடிப்பது, புது முறை, இன்னும் என்னென்னவோ. அதில் பழைய தட்டச்சு முறையும் ஒரு ஓரத்தில் இருந்தது. அவள் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, 'இதனால் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்' என்று ஒரே ஓட்டமாக அடித்தாள். கண்ணைத் திறந்தாள். பிசகில்லாமல் இருந்தது.

"இதையே பதிச்சுடு" என்றாள்.

மகள் விடவில்லை. "இந்த விசைப்பலகையை விண்டோஸ்லயும் போட்டுக்கலாம்தானே மாமா?"

தம்பி கட்சிக்காரன்தான், ஆனால் பொய் சொல்கிறவன் அல்ல. "போட்டுக்கலாம்" என்று ஒப்புக்கொண்டான். "அதுலயும் நல்லாவே வரும்."

"வரட்டும்" என்றாள் அவள். "நேத்து பதினொரு மணிக்கு என் கூட உட்கார்ந்திருந்தது இதுதான். எனக்கு இதோட பழகிடுச்சு. நீ உன் ஆபீஸ் மெஷின்ல உனக்குப் பிடிச்சதை வெச்சுக்கோ."

இதற்கு மேல் யாருக்கும் வாதாட ஒன்றும் இல்லை. திரைக்குப் பின்னணிப் படம் நான்தான் வைப்பேன் என்று மகள் ஒரு நிபந்தனை போட்டாள், அது உடனே ஏற்கப்பட்டது. தம்பி பதித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மேலகீழ நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எழுப்ப வேண்டாம், அந்த வாரக் கதையை அடுத்த வாரம் சேர்த்து அடித்துக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அவள் மேஜைக்கு வந்தார். அவர் வீட்டுக்கும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார்களாம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நீங்கள் எந்த சிஸ்டம் போட்டீர்கள், எது நல்லது என்று கேட்டார்.

"எது வேணா போடுங்க சார்" என்றாள் டைப்பிஸ்டம்மா. "கடைக்குப் போறப்ப உங்க வீட்டுல இருக்கிறதுலயே ரொம்பப் பழைய ஃபைல் ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. வாங்குறதுக்கு முன்னாடி அதைத் திறந்து பார்த்துடுங்க."

அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அவள் புதன்கிழமை குடிநீர் வராது என்ற அறிவிப்பை எடுத்து அடிக்கத் தொடங்கினாள்.